புனைவின் நீதிமன்றமும் சாட்சியின் இலக்கணமும்: கோலார் தங்கவயலை முன்வைத்து

தமிழில் வழக்குமன்றத்தைக் களமாகக் கொண்ட புனைவுகளுக்கு நீண்ட மரபு உண்டு. ‘பராசக்தி’ (1952) திரைப்படத்தில் குணசேகரன் கூண்டில் நின்று நிகழ்த்தும் நெடிய உரை, ‘கௌரவம்’ (1973) படத்தில் கொலை வழக்கில் எதிரெதிரே நிற்கும் பாரிஸ்டரும் அவர் வளர்த்த மகனும், சுஜாதாவின் கதைகளில் வரும் வழக்கறிஞர் கணேஷும் அவருடைய இளையவர் வசந்தும், ‘ஜெய் பீம்’ (2021) படத்தின் ஆட்கொணர்வு மனு விசாரணை ஆகியவை பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். காலத்தாலும் நோக்காலும் வேறுபட்ட இப்படைப்புகள் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. நீதிமன்றத்தில் உள்ள அனைவரும் ஒரே மொழியைப் பேசுகின்றனர். பேசியது பேசியவாறே பதிவாகிறது. ஆகவே வழக்கின் முடிவு வாதத் திறனைப் பொறுத்தது என்பதே அவ்வெடுகோள். இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சோதிக்கக் கோலார் தங்கவயல் தக்க உரைகல்லாகும்.

கர்நாடகத்தின் கிழக்கு எல்லையில், ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும் ஒட்டி அமைந்த இந்நகரின் சுரங்கங்களை 1880களிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனம் நடத்தியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர்களே சுரங்கத்தில் இறங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் அங்கேயே வாழ்கின்றனர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ என்பது இன்றைய நிலை. எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களின் தெலுங்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நான்கு தலைமுறையாக மண்ணின் மக்களாக இருந்தும், கூண்டில் ஏறி நிற்கும்போது இவர்கள் பேசும் மொழி நீதிமன்றத்தின் மொழியன்று. கர்நாடகத்தின் கீழமை நீதிமன்றங்களுக்குரிய மொழி கன்னடம். ஆங்கிலமும் வழக்கில் உள்ளது.

சட்டம் இந்நிலையை அறியாததன்று. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, சாட்சி வேறொரு மொழியில் பேசினால் இயலுமாயின் அம்மொழியிலேயே பதிவு செய்யலாம் என்றும், இயலாதபோது விசாரணை நடக்க நடக்க நீதிமன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பைத் தயாரிக்க வேண்டும் என்றும் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதுவே 312ஆம் பிரிவு. இங்கு ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்பது யாது என்ற வினா மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. சட்டம் அதற்கு விளக்கம் தரவில்லை.

அதற்கு முந்தைய பிரிவு புனைவு எழுதுவோர் அனைவரும் படிக்க வேண்டிய ஒன்று. அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியம் வழக்கமாகக் கதைகூறும் வடிவிலேயே எழுதப்பட வேண்டும். விரும்பினால் நீதிபதி ஏதேனும் ஒரு பகுதியை வினா விடையாக எழுதலாம் என்பது அதன் சாரம். துப்பறியும் புனைவின் உயிர்நாடியான குறுக்கு விசாரணை, வினாவும் விடையும் மோதும் வடிவில், பெரும்பாலும் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. வழக்கறிஞர் பத்துச் சொற்களில் ஒரு கூற்றை அடுக்கிக் கேட்க, சாட்சி ‘ஆமாம்’ என்று சொன்னால், அப்பத்துச் சொற்களும் சாட்சியின் தன்மைக் கூற்றாக மாறிப் பதிவாகின்றன. மறுத்தால் ‘என்று சொன்னால் சரியல்ல’ என்ற வாய்பாட்டுத் தொடர் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில வாய்பாட்டின் தமிழ் வடிவமான இத்தொடரை எந்தச் சாட்சியும் தன் வாயால் சொல்லியிருக்க மாட்டார். மேல்முறையீட்டு நீதிபதி படிப்பது இப்பதிவையே. குரலும் தயக்கமும் அவரை எட்டுவதில்லை.

இந்தப் பின்னணியில் நோக்கினால் தமிழ்ப் புனைவுகளின் வலிமையும் குறையும் தெளிவாகின்றன. ‘பராசக்தி’யின் கூண்டு உண்மையில் ஒரு மேடை. அங்கு மொழி சான்றாக நிற்பதில்லை, முழக்கமாக நிற்கிறது. அதை நடைமுறைப் பிழை என்று குறை கூறுவது அப்படத்தின் நோக்கத்தை அறியாமையாகும். ‘கௌரவம்’ படத்தின் முரண் சட்டத்தைவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. சுஜாதாவின் பங்களிப்பு வேறு வகையானது. பேச்சு வழக்கின் வேகத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். கணேஷின் வாயிலாகச் சட்ட நுணுக்கங்களும் ஆய்வுக்கூடச் செய்திகளும் வெகுமக்கள் வாசகரை எட்டின. ஆயினும் அவர் கதைகளில் கூர்மை வழக்கறிஞரின் நாவில் இருக்கிறது. சாட்சியின் சொல் தகவலைச் சுமந்து வரும் கலமாகவே பயன்படுகிறது. அதன் இலக்கணம் ஐயத்துக்கு உள்ளாவதில்லை. கணேஷ் ஒருமுறையேனும் ‘நீங்கள் சொன்ன அந்த விகுதிக்கு என்ன பொருள்?’ என்று கேட்டிருந்தால் தமிழ்க் குற்றப் புனைவின் திசை மாறியிருக்கும் எனலாம்.

இப்புனைவுகள் பரப்பிய சொற்களையும் இங்குச் சுட்ட வேண்டும். மேசையைச் சுத்தியலால் தட்டும் நீதிபதி அயல்நாட்டுப் படங்களின் வழி வந்தவர். இந்திய நீதிமன்றங்களில் அவ்வழக்கம் இல்லை. ‘குற்றவாளிக் கூண்டு’ என்ற தொடர் தீர்ப்புக்கு முன்பே தீர்ப்பளித்துவிடுகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் சொல் ‘எதிரி’ என்பதாகும். வழக்கின் எதிர்த்தரப்பு என்ற பொருளில் அது பிழையற்றதே. ஆனால் பொதுத் தமிழில் பகைவன் என்ற நிழல் அதன்மேல் படிந்துள்ளது. கன்னடத்தின் ‘ஆரோபி’க்கு அந்நிழல் இல்லை. ஆங்கிலக் குற்றப் புதினங்களைத் தமிழாக்குவோர் ‘குற்றவாளி’, ‘கைதி’, ‘எதிரி’ ஆகிய மூன்றையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகப் பெய்வது வழக்கமாகிவிட்டது. கொலை வழக்கில் இது சிறு பிழையன்று.

இனித் தங்கவயலுக்கு வரலாம். அங்கு ஒரு தொழிலாளர் குடியிருப்பில் நடந்த சாவு பற்றிய வழக்கு என்று கொள்வோம். கீழ்வரும் தொடர்கள் எவ்வழக்கிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. அப்பகுதிப் பேச்சுக்கு ஏற்ப ஆய்வுக்காக அமைத்துக்கொண்டவை.

(1) அவன் லைன்ல நின்னுக்கினு இருந்தான்.

தங்கவயலில் ‘லைன்’ என்பது சுரங்க நிறுவனம் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை; அவ்வழியே குடியிருப்புப் பகுதி. கடன் வாங்கிய ஆங்கிலச் சொல் என்பதால் ஆங்கிலப் பதிவில் அதை அப்படியே திருப்பித் தருவது எளிது. அங்கேதான் ஆபத்து உள்ளது. ஆங்கிலத் தொடரைப் படிப்பவருக்கு அவன் ஏதோ ஒரு கடைவாசலில் முறை காத்து நின்றதாகத் தோன்றும். சம்பவ இடத்தில் இருந்தானா, வேறிடத்தில் இருந்தானா என்பதே கேள்வியாக உள்ள வழக்கில், சொந்த ஊருக்குத் திரும்பிய கடன்சொல் சாட்சியத்தையே புரட்டிவிடுகிறது. ‘லெவல்’, ‘கேஜ்’ முதலிய சுரங்கச் சொற்களுக்கும் இது பொருந்தும்.

(2) அவன்தான் அடிச்சானாம்.

‘-ஆம்’ என்னும் இடைச்சொல், சொல்பவர் தாம் கண்டதைக் கூறவில்லை, பிறர் வாய்க் கேட்டதைக் கூறுகிறார் என்பதை உணர்த்துகிறது. சில இடங்களில் அவநம்பிக்கையையும் உணர்த்தும். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு விதித்தது; 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 55ஆம் பிரிவாக உள்ளது. சட்டம் ஒரு பிரிவு முழுவதையும் செலவிட்டு வரையறுத்த வேறுபாட்டைத் தமிழ்ச் சாட்சி ஓர் இடைச்சொல்லில் அடக்கிவிடுகிறார். கன்னடத்தில் இதற்கு நேரான ‘அந்தெ’ உண்டு: ‘ஹொடெதனந்தெ’. ஆகவே கன்னடத்தில் எழுதும் எழுத்தரிடம் இப்பொருள் இழப்பின்றிச் செல்ல வழியுண்டு. ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘கேள்விப்பட்டேன்’ என ஒரு முதன்மைத் தொடரைத் தாமாகச் சேர்த்தாலன்றிக் கேள்வி அறிவு கண்கூடான அறிவாகிவிடும். அண்டை மொழிக்கு மாற்றுவதும் அயல்மொழிக்கு மாற்றுவதும் ஒரே அளவு இடர் உடையவை அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. தங்கவயலில் கன்னடப் பதிவு தமிழ்ச் சாட்சிக்கு அன்னியமானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இலக்கண நோக்கில் ஆங்கிலப் பதிவைவிட அதுவே அவருக்கு நெருக்கமானது.

(3) புடிச்சுத் தள்ளிட்டேன். விழுந்துட்டான்.

இங்கு ‘விடு’ என்னும் துணைவினை இருமுறை வருகிறது. முதல் தொடரில் செயல் முடிந்ததை உணர்த்துவதோடு, எண்ணாமல் நிகழ்ந்துவிட்டது என்ற வருத்தக் குறிப்பையும் சூழலுக்கேற்பத் தாங்கி நிற்கும். ‘தள்ளினேன்’ என்பதற்கும் ‘தள்ளிட்டேன்’ என்பதற்கும் உள்ள இடைவெளி, கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள இடைவெளியோடு தொடர்புடையது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299, 300ஆம் பிரிவுகளும் அவற்றின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 101ஆம் பிரிவுகளும் கருத்து, அறிவு ஆகிய இரண்டையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. துணைவினை ஒன்றைக் கொண்டு உள்நோக்கத்தை நிறுவ முடியாது என்பது உண்மையே. ஆனால் சாட்சியின் பிற கூற்றுகளோடு சேர்த்து எடைபோட வேண்டிய ஒரு குறிப்பு, எடைத்தட்டுக்கு வரும் முன்பே உதிர்ந்துவிடலாகாது. கன்னடத்தின் ‘பிடு’ இங்கும் துணைவரும். ‘கொன்னுடுவேன்’ என்ற வசைச்சொல்லின் நிலை இதற்கு மறுதலை. தெருச் சண்டையில் நாள்தோறும் ஒலிக்கும் அத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கொலைத் திட்டமாகிவிடும்.

கொலை வழக்குகளில் பெரிதும் பேசப்படும் இன்னொரு விதிக்கும் இலக்கணத்தோடு உறவுண்டு. காவலில் உள்ளவர் காவலரிடம் சொன்னது சான்றாகாது. எனினும் அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு நேர்த் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். குண்டூர் மாவட்டத்தில் எழுந்த புலுகூரி கொட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் இதற்கு வரம்பு வகுத்தது. கத்தியைக் கூரையில் மறைத்து வைத்திருப்பதாகச் சொல்வது ஏற்கத்தக்கது. அக்கத்தியால் இன்னாரைக் குத்தினேன் என்ற அடைத்தொடர் ஏற்கத்தக்கதன்று. ஆங்கிலத்தில் அவ்வடைத்தொடர் பெயருக்குப் பின்னே தனித்து நிற்பதால் வெட்டுவது எளிது. எழுவாயும் அதிலேயே வெளிப்படையாக உள்ளது. தமிழிலோ,

(4) குத்துன கத்தியைக் கூரையில செருகி வச்சிருக்கேன்.

‘குத்துன’ என்னும் பெயரெச்சம் காலத்தைக் காட்டுகிறது. குத்தியவர் யார் என்பதைக் காட்டவில்லை. தன்மை விகுதி ‘வச்சிருக்கேன்’ என்பதில் மட்டுமே உள்ளது. நண்பன் குத்திய கத்தியை ஒளித்து வைத்தவனும் இத்தொடரைச் சொல்லலாம். கன்னடத்தின் ‘இரித சாக்கு’, தெலுங்கின் பெயரெச்சம் ஆகியவற்றின் இயல்பும் இதுவே. ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் எழுவாயின்றி எழுத விரும்பினால் செயப்பாட்டு வினையைத் தேட வேண்டும். அம்முயற்சி இல்லாதபோது ‘நான்’ வந்து நுழைகிறது. பேசியவர் சொல்லாத எழுவாய் அது. விதியின்படி அப்பகுதி பின்னர் விலக்கப்படும் என்பது ஆறுதல்தான்; அதற்குள் புலனாய்வு அந்த எழுவாயைப் பின்தொடர்ந்து நெடுந்தூரம் சென்றிருக்கும்.

பதிவில் ஒரு தொடர் விடுபடுவதன் விளைவை ராஜீவ் காந்தி கொலை வழக்கு காட்டியது. 1991இல் தம் 19ஆம் வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தில், இரண்டு மின்கலங்களை வாங்கிக் கொடுத்த செய்தி இடம்பெற்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருடைய மரண தண்டனையை உறுதி செய்தது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வு பெற்ற பின் 2013இல், அவை எதற்காக என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதவில்லை என வெளிப்படையாகத் தெரிவித்தார். 2014இல் தண்டனை குறைக்கப்பட்டு, 2022 மே 18இல் அவர் விடுதலையானார். இது மொழிபெயர்ப்புப் பிழையன்று; பதிவாளர் செய்த விடுபாடு. ஆயினும் ஒரு பதிவில் ‘தெரியாது’ என்னும் ஒரு சொல்லின் எடை என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழ்ப் புனைவுகளில் இச்சிக்கலை நேர்கொண்டது வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015). மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ என்னும் நூலைத் தழுவிய இப்படத்தில், குண்டூரில் வேலை செய்யும் தமிழ் இளைஞர்கள் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர். நீதிபதிமுன் நிறுத்தப்பட்டபோது அவர்களுடைய தமிழ் அவருக்கு விளங்கவில்லை. வேறு பணியாக அங்கு வந்திருந்த தமிழ்நாட்டுக் காவல் ஆய்வாளர் ஒருவர் மொழிபெயர்க்க, அவர்கள் விடுதலை பெறுகின்றனர். வாதத்திறன் எதுவுமின்றி, பெயர்த்துச் சொல்லப்பட்ட சில தொடர்களாலேயே உயிர் மீளும் இக்காட்சி, தமிழ்த் திரையின் நீதிமன்றக் காட்சிகளுள் தனித்து நிற்கிறது. பெயர்த்துச் சொன்னவரும் காவலரே என்பதையும், அந்த நன்றிக்கடன் பின்னர் அவர்களை எங்கே இட்டுச் செல்கிறது என்பதையும் படம் மறக்கவில்லை. எனினும் ஒரு வரம்பு உண்டு. இங்கு ஐயம் பெயர்ப்பவரின் நோக்கத்தின் மீதே எழுகிறது. நேர்மையாகப் பெயர்த்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை எஞ்சிவிடுகிறது.

‘ஜெய் பீம்’ இதற்கு மாறான வழியைத் தேர்ந்தது. 1993இல் நிகழ்ந்த காவல் மரணத்தை அடியொற்றிய இப்படத்தில் உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் பெரும்பாலும் தமிழிலேயே நிகழ்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம். செங்கேணி போன்ற ஒரு பெண் தன் கணவனைப் பற்றிய வாதத்தைத் தனக்கு விளங்காத மொழியில் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பாள். படத்தின் உணர்ச்சி வலிமைக்கு இம்மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய தனிமையின் ஒரு பகுதி அதனால் மறைந்துவிட்டது. இப்படத்தின் மொழிமாற்றங்களில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. மூலத்தில் இந்தியில் பேசும் ஒருவரைக் காவல் அதிகாரி அறைந்து தமிழில் பேசச் சொல்கிறார். தெலுங்கு வடிவில் அது தெலுங்கில் பேசு என்றாயிற்று. இந்தி வடிவில் உண்மையைச் சொல் என்றாயிற்று. மொழி பற்றிய பூசல் உண்மை பற்றிய பூசலாக மாறிவிட்டது. நீதிமன்றப் பதிவேடு செய்வதும் ஏறத்தாழ இதுவே.

தங்கவயலின் நிலை குண்டூரின் நிலையன்று. அங்கு வழக்கறிஞர்களும் நீதிமன்றப் பணியாளர்களும் பன்மொழிச் சூழலில் வளர்ந்தவர்கள். நீதிபதிக்குத் தமிழ் ஓரளவு விளங்கும் வாய்ப்பும் உண்டு. அதனாலேயே மொழிபெயர்ப்பு நடப்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. உறுதிமொழி எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றால், இங்கு ஒரு கடத்தல் நிகழ்கிறது என்று எல்லோரும் உணர்வர். எல்லோருக்கும் ‘தெரிந்த’ மொழியாக இருக்கும்போது அவ்வுணர்வு எழாது. தங்கவயலை நிலைக்களனாகக் கொண்டு கொலை வழக்குப் புதினம் எழுத முற்படுவோருக்கு, கைவிடப்பட்ட சுரங்கவாய்களும் சயனைடு மேடுகளும் கண்ணைக் கவரும் பின்புலமாகத் தோன்றக்கூடும். புதினத்தின் உண்மையான மர்மமோ நீதிபதியின் மேசைக்குக் கீழே அமர்ந்து தட்டச்சு செய்பவரின் விரல்நுனியில் இருக்கிறது.

இதற்கு இறுதியாக ஓர் எடுத்துக்காட்டு.

(5) அவங்க வந்து அடிச்சாங்க.

பேச்சுத் தமிழில் ‘அவங்க’ பலரையும் குறிக்கும். மதிப்புக்குரிய ஒருவரையும், குறிப்பாக வயதில் மூத்த பெண்ணையும் குறிக்கும். அடுத்த வீட்டு அம்மாள் ஒருவரைச் சுட்டிச் சாட்சி இவ்வாறு சொல்லியிருக்கலாம். அவரையும் அவருடைய மகன்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கன்னடத்தின் ‘அவரு பந்தரு’ இவ்விருமையை அப்படியே ஏற்கும். ஆங்கிலம் ஏற்காது, ஒருமையா பன்மையா என்று எழுதுபவர் முடிவு செய்தாக வேண்டும். பன்மை என்று முடிவு செய்தால் பொதுக்கருத்துடன் கூடிச் செய்த குற்றம் என்ற வாதத்துக்குக் கதவு திறக்கிறது. அடிக்காத மகன் அடித்த தாயோடு ஒரே தண்டனைக்கு ஆளாகக்கூடும்.

இத்தகைய பிழைகளைத் திருத்தவே, எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், பதிவு வேறு மொழியில் இருந்து அது அவருக்கு விளங்காவிடில் அவர் பேசிய மொழியிலோ அவருக்கு விளங்கும் மொழியிலோ பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 278ஆம் பிரிவு விதித்தது. இன்றைய சட்டத்தில் அது 313ஆம் பிரிவு. விதி முறையாகப் பின்பற்றப்படுகிறது என்றே கொள்வோம். ஆங்கிலப் பதிவிலுள்ள பன்மையை எழுத்தர் தமிழில் பெயர்த்துச் சொல்கிறார்: ‘அவங்க வந்து அடிச்சாங்க.’ சாட்சி தம் சொல்லைத் தாமே கேட்கிறார்; சரி என்று தலையசைத்துக் கையொப்பம் இடுகிறார்.